பிரான்சில் துணி வாங்கும்போது பேச்சு எங்கே மாட்டிக்கொள்கிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்ய ஒரு வழிமுறை

பாரிஸுக்குக் கிளம்பும் முன் பிரெஞ்சு வாக்கியங்களை உருப்போட்டுக்கொண்டு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான். நாம் கேட்க வேண்டியதை ஒழுங்காகக் கேட்டுவிடுகிறோம், அதைக் கேட்டதும் கடைக்காரர் நமக்கு மொழி தெரியும் என்று நினைத்துக்கொண்டு கடகடவென்று பதிலுக்கு ஒரு கேள்வி போடுகிறார், அங்கே வாயடைத்துப் போகிறது. ஆகவே பேசுவதைவிட காதுக்குத்தான் பயிற்சி தேவை. நல்ல விஷயம் என்னவென்றால், துணிக்கடையில் அவர்கள் நம்மிடம் கேட்பது ஏழெட்டுக் கேள்விகள்தான், அவையும் எப்போதும் ஒரே வரிசையில் வரும். கதவருகே ஒன்று, உடுத்திப் பார்க்கும் அறையில் ஒன்று, கல்லாவில் நாலைந்து. எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாலே என்ன கேட்டிருப்பார்கள் என்று பாதி ஊகித்துவிடலாம்.

உச்சரிப்பு பற்றிச் சுருக்கமாக. பிரெஞ்சின் த, ட குழப்பத்தில் நமக்குத்தான் லாபம்: அவர்களுடையது நம்முடைய த, நாக்கு பல்லைத் தொட வேண்டும். கீழே ஜ என்று எழுதியிருக்கும் இடத்தில் ஷ-வைக் குரல் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லின் கடைசியில் வரும் ன் பெரும்பாலும் மூக்கால் சொல்வது, நாக்கு மேலே ஒட்டக் கூடாது. யூ என்று இருந்தால் உதட்டை ஊ போலக் குவித்துக்கொண்டு ஈ சொல்லிப் பாருங்கள். இதற்கு மேல் துல்லியம் பற்றிக் கவலைப்பட வேண்டாம், புரிந்துகொள்வார்கள்.

அறிகுறி: கடைக்குள் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை

காரணம் பெரும்பாலும் நிறமோ உடையோ இல்லை, நீங்கள் "போன்ஜூர்" சொல்லாமல் உள்ளே போயிருக்கிறீர்கள். சின்னக் கடையில் வணக்கம் சொல்லாமல் நுழைந்து துணியைத் தொட ஆரம்பிப்பது அங்கே மரியாதைக்குறைவு. எக்ஸ்கியூஸ் மீ என்று நேரே ஆங்கிலத்தில் தொடங்குவதும் அதே கணக்கில்தான் சேரும். எனவே கதவைத் தாண்டியதும் யாரையாவது பார்த்து "போன்ஜூர் மதாம்" அல்லது "போன்ஜூர் முசியே", சாயங்காலம் ஆகிவிட்டால் "போன்சுவார்". பிறகு ஆங்கிலம் வேண்டுமென்றால் "வூ பார்லே ஆன்க்லே?" என்று கேட்டுவிட்டு மாறிக்கொள்ளலாம். ஏற்கெனவே சொதப்பியாயிற்றா? பரவாயில்லை, கல்லாவுக்குப் போகும்போது போன்ஜூரை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், ஆள் மாறிவிடுவார். வெளியே வரும்போது எதுவும் வாங்காவிட்டாலும் "மெர்சி, ஓ ரெவுவார்" (நன்றி, போய் வருகிறேன்).

ஓஸ்மான் பெருஞ்சாலையில் இருக்கும் கலேரி லாஃபயேத், ப்ரான்தான் மாதிரிப் பெரிய கடைகளில் இந்தப் பிரச்சினையே குறைவு, அங்கே ஆங்கிலம் பேசுகிற ஆட்கள் நிறைய. இங்கே சொல்வதெல்லாம் தெருவோரக் கடைகளுக்கும் பாரிஸுக்கு வெளியே உள்ள ஊர்களுக்கும்தான் அதிகம் பொருந்தும்.

அறிகுறி: சும்மா பார்க்க வந்தேன், ஒருவர் கூடவே வந்து நிற்கிறார்

அவர் கேட்டது "ஜெ பெ வூ ஸெதே?" அல்லது "வூ ஷெர்ஷே கெல்கெ ஷோஸ்?" ஏதாவது உதவட்டுமா, எதையாவது தேடுகிறீர்களா. பதில்: "ஜெ ரெகார்த் ஜுஸ்த், மெர்சி." சும்மா பார்க்கிறேன், நன்றி. வெறும் நோ சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், இந்த ஒரு வரியைச் சிரித்த முகத்தோடு சொன்னால் அவர் போய்விடுவார், கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

பத்து உடுப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் நழுவவும் ஒரு வரி உண்டு: "ஜெ வே ரெஃப்ளெஷீர்." யோசித்துச் சொல்கிறேன் என்று அர்த்தம். திரும்பி வர மாட்டீர்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும், ஆனாலும் முறை முறைதான்.

அறிகுறி: அளவு கேட்கிறார்கள், சொன்னேன், பொருந்தாததைக் கொண்டு வந்தார்கள்

இதுதான் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் கேள்வி. "வூ ஃபெத் கெல் தாய்?" உங்கள் அளவு என்ன. எழுத்தில் பார்த்தால் தாயில்லே, டெயில் என்றெல்லாம் படிக்கத் தோன்றும், ஆனால் சொல்வது நம் தாய் அப்படியே. செருப்பு, ஷூ என்றால் தாய் கிடையாது, அதற்கு "புவான்த்யூர்" என்று தனிச் சொல். பதில் "ஜெ ஃபே த்யூ கராந்த்", எனக்கு 40. காலணிக்கு "ஜெ ஷோஸ் த்யூ கராந்த்-தெ", 42.

பெண்கள் உடையில் தேவைப்படும் எண்கள் இவ்வளவுதான்: 34 த்ராந்த்-காத்ர், 36 த்ராந்த்-சீஸ், 38 த்ராந்த்-வீத், 40 கராந்த், 42 கராந்த்-தெ, 44 கராந்த்-காத்ர். 34-க்கும் 44-க்கும் வால் ஒன்றுதான், தலையைச் சரியாகச் சொல்லுங்கள்.

அடுத்து எண்ணின் பொருள். நம்மூர்க் குர்த்தியில் 38 என்றால் அங்குலக் கணக்கு. பிரெஞ்சு 38-க்கும் அங்குலத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது பிரிட்டிஷ் 10-க்குச் சமம். 40 என்றால் பிரிட்டிஷ் 12. இதோடு விட்டால் பரவாயில்லை, ஐரோப்பாவுக்குள்ளேயே எண் மாறும்: பிரெஞ்சு 38, ஜெர்மனியில் 36, இத்தாலியில் 42. பாரிஸில் நிற்கும் கடையிலேயே இத்தாலியத் தயாரிப்பு தொங்கும், அதில் 42 பார்த்துவிட்டு ஐயோ இவ்வளவு பெருத்துவிட்டேனா என்று பயப்பட வேண்டியதில்லை. துணியோடு வரும் லேபிள் பட்டியில் நாட்டின் எழுத்து பக்கத்தில் இருக்கும், எண்ணைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள். உள்ளாடையிலும் இதே கூத்து உண்டு: மற்ற ஐரோப்பிய நாடுகளில் 75 என்று போடும் பிரா, பிரெஞ்சுக் கணக்கில் 90.

ஆண்களுக்குச் சுலபம். சட்டையில் போடும் 39, 40, 41 கழுத்துப் பட்டையின் சென்டிமீட்டர். கோட் என்றால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பாதியாக்கினால் போதும், 100 சென்டிமீட்டர் என்றால் 50. சாதாரண பேன்டில் இடுப்புச் சுற்றளவின் பாதி, 84 என்றால் 42. ஜீன்ஸ் மட்டும் அங்கேயும் அங்குலத்தில்தான், 32, 34 என்று நமக்குப் பழக்கமான எண்ணே இருக்கும்.

குழந்தைகளுக்கு வயதுதான் அளவு. "காத்ர் ஆன்" 4 வயது, "சீஸ் ஆன்" 6 வயது, பச்சைக் குழந்தைக்கு மாதக் கணக்கு. ஆனால் அந்த வயதுக்குப் பின்னால் ஓர் உயரம் இருக்கிறது, பட்டியிலேயே போட்டிருப்பார்கள்: 4 வயதுக்கு 102 சென்டிமீட்டர், 6-க்கு 114, 8-க்கு 126. ஊரில் இருக்கும் அக்கா பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் வயதைக் கேட்காமல் உயரத்தை அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.

அளவே தெரியவில்லை என்றால் "ஜெ நெ ஸே பா" என்று கையை விரித்துவிடுங்கள். அனுபவமுள்ள விற்பனையாளர் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார், நம் கணக்கைவிட அது சரியாகவே இருக்கும்.

அறிகுறி: கேட்டது ஒன்று, வந்தது வேறு

ஆங்கிலத்தை நம்பிச் சொன்ன சொல் காலை வாரியிருக்கிறது. "வெஸ்த்" என்று கேட்டால் பனியன் வராது, கோட் வரும். "ஸ்லீப்" ஆணின் ஜட்டி. "ரோப்" நீள அங்கி இல்லை, பெண்கள் போடும் ஃபிராக் வகை உடை எல்லாமே ரோப்தான். "பாஸ்கெத்" என்பது கூடை இல்லை, ஸ்போர்ட்ஸ் ஷூ. "கோஸ்த்யூம்" ஆண்களின் கோட்டு சூட்டு. "ஷெமீஸ்" ஆண் சட்டை, பெண்கள் சட்டைக்கு "ஷெமீஸியே". குளிருக்குக் கழுத்தில் சுற்றுவது "எஷார்ப்", அழகுக்குப் போடும் பட்டு வகை "ஃபூலார்", இரண்டையும் மாற்றிக் கேட்டால் கம்பளியும் பட்டும் இடம் மாறும்.

இதற்கு இன்னும் சுலபமான வழி, பெயரே சொல்லாமல் கையால் காட்டி "செலுயி-லா, சில் வூ ப்ளே" (அது, தயவுசெய்து). நிறம் வேறு வேண்டுமென்றால் "வூ லாவே ஆன் நுவார்?" இது கருப்பில் இருக்கிறதா. நீலம் ப்ளெ, சிவப்பு ரூஜ், வெள்ளை ப்ளான், பச்சை வேர்.

அறிகுறி: உடுத்திப் பார்க்கும் அறை வாசலில் தடுக்கிறார்கள்

உள்ளே விட மறுக்கவில்லை, எத்தனை உருப்படி என்று கேட்கிறார்கள்: "கோம்பியான் தார்த்தீக்ல்?" விரலைக் காட்டினால் போதும், எண் எழுதிய அட்டை தருவார்கள். அறை எங்கே என்று கேட்க "ஊ ஸோன் லே காபீன்?", போட்டுப் பார்க்கலாமா என்று கேட்க "ஜெ பெ லெஸெயே?"

இனிதான் சிக்கல். உள்ளே நின்றுகொண்டு, பாதி பொத்தான் போட்ட நிலையில், திரைக்கு வெளியே தலையை நீட்டி வேறு அளவு கேட்க வேண்டும். புத்தகங்கள் சொல்லித் தருவது "லா தாய் ஓ-தெஸ்யூ", ஓர் அளவு பெரிது, "லா தாய் ஆன்-தெஸூ", ஓர் அளவு சிறிது. கேட்டுப் பாருங்கள்: ஒன்றின் வால் யூ, மற்றதின் வால் ஊ. நம் வாயில் இரண்டும் ஒன்றாகவே வரும், அவர் ஏற்கெனவே இறுக்கமாக இருப்பதைவிடச் சின்னதை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். ஆகவே அந்த வாக்கியத்தை விட்டுத்தள்ளுங்கள். "ப்ளூ க்ரான், சில் வூ ப்ளே" இன்னும் பெரியது. "ப்ளூ பெதீ" இன்னும் சிறியது. அல்லது எண்ணையே சொல்லுங்கள்: "வூ லாவே ஆன் கராந்த்-தெ?" 42-இல் இருக்கிறதா. குழப்பமே வராது.

என்ன குறை என்று சொல்ல "த்ரோ" போதும், அதிகம் என்று பொருள். த்ரோ க்ரான் பெரிதாக இருக்கிறது, த்ரோ செர்ரே இறுக்குகிறது, த்ரோ லோன் நீளம், த்ரோ கூர் குட்டை. எங்கே இறுக்குகிறது என்பதை விரலால் தொட்டுக் காட்டுங்கள், உடல் உறுப்புப் பெயரெல்லாம் படிக்கத் தேவையில்லை. விற்பனையாளரே "ஸா தாய் பெதீ" என்று சொன்னால் அந்தத் துணி வழக்கமான அளவைவிடச் சின்னதாகத் தைத்தது, ஒரு எண் ஏற்றி எடுங்கள் என்று அறிவுரை. உங்களைப் பற்றிச் சொல்லவில்லை.

பேன்ட் நீளமாக இருந்தால் "வூ ஃபெத் லே ரெதூஷ்?" என்று கேளுங்கள், தைத்துச் சரிசெய்து தருவீர்களா என்று அர்த்தம். மடித்துத் தைப்பது "ஊர்லே". என்று கிடைக்கும் என்பதையும் உடனே கேட்டுவிடுங்கள், "செ ப்ரே கான்?", ஏனென்றால் நாளைக்கு விமானம் இருக்கிறவருக்கு அடுத்த வாரம் தரும் பேன்டால் பயனில்லை.

அறிகுறி: அந்த அளவு இல்லை என்கிறார்களா, இருக்கிறது என்கிறார்களா, புரியவில்லை

"யா ப்ளூ" என்று காதில் விழுந்தால் தீர்ந்துவிட்டது. மேலே பார்த்த ப்ளூவேதான், இங்கே மட்டும் இனி இல்லை என்று பொருள். "தூ தெ தான் ரேயோன்" என்றால் இருப்பதெல்லாம் அலமாரியில் தொங்குகிறது, உள்ளே கிடங்கில் வேறு இல்லை. இது சில சமயம் நிஜம், சில சமயம் எழுந்து போய்ப் பார்க்கச் சோம்பல். நயமாக "வூ பூவே ரெகார்தே ஆன் ரெசேர்வ்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அறிகுறி: விலை சொன்னார்கள், எண் மூளையில் ஏறவில்லை

கேட்பது சுலபம், "செ கோம்பியான்?" பதில் தான் மலை. 69 வரை ஒழுங்காகப் போகும் எண்கள் 70-இல் கணக்குப் பாடமாக மாறிவிடும். 70 சுவாசான்த்-தீஸ், அறுபதும் பத்தும். 80 காத்ர்-வான், நான்கு இருபது. 90 காத்ர்-வான்-தீஸ், நான்கு இருபதும் பத்தும். 99 என்றால் காத்ர்-வான்-தீஸ்-நெஃப். இப்போது துணிக்கடை விலையை யோசியுங்கள், எல்லாம் 79,90, 99,99 என்று முடியும். 79,90 யூரோவை அவர் "சுவாசான்த்-தீஸ்-நெஃப் காத்ர்-வான்-தீஸ்" என்று ஒரே மூச்சில் சொல்லுவார், நடுவில் யூரோ என்ற சொல்லைக்கூடச் சில நேரம் போட மாட்டார், நாம் எங்கே முதல் எண் முடிந்தது என்று தேடிக்கொண்டிருப்போம்.

இன்னொரு பொறி: 24 வான்த்-காத்ர், 80 காத்ர்-வான். வரிசை மாறினால் விலை மூன்று மடங்குக்கு மேல். இருபத்து நான்கு யூரோ என்று நினைத்துச் சந்தோஷமாகக் கல்லாவுக்குப் போகும் முன் பட்டியைப் பாருங்கள். அங்கே புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருக்கும், 79,90 என்றால் எழுபத்தொன்பது யூரோ தொண்ணூறு சென்ட், பயப்படாதீர்கள்.

பட்டி இல்லையென்றால் "வூ பூவே லேக்ரீர்?" என்று கேளுங்கள், எழுதிக் காட்டச் சொல்கிறீர்கள். கைபேசியில் எண்ணைத் தட்டிக் காட்டுவார்கள். பெல்ஜியத்துக்கோ சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சுப் பகுதிக்கோ போனால் நிம்மதி, அங்கே 70 செப்தான்த், 90 நோனான்த் என்று நேராகச் சொல்லுவார்கள்.

இவ்வளவு கஷ்டமும் வேண்டாம், புடவை, பாவாடை சட்டை வகைதான் வேண்டும் என்றால் பாரிஸின் வடக்கு நிலையத்துக்கு அருகே லா சப்பல் பகுதிக்குப் போங்கள், ஃபோபூர் சான் தெனி தெருவில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பெரும்பாலும் ஈழத்தவர் நடத்துபவை, விலையைத் தமிழிலேயே பேசலாம்.

அறிகுறி: தள்ளுபடி என்று போட்டிருக்கிறது, கல்லாவில் முழு விலை

"ஸோல்த்" என்ற சொல் கண்ணாடியில் இருந்தால் அது சட்டப்படியான தள்ளுபடிக் காலம். வருடத்துக்கு இரண்டு முறை, 2020 முதல் ஒவ்வொன்றும் நான்கு வாரம். குளிர்காலத்துக்கு ஜனவரியின் இரண்டாம் புதன்கிழமை காலை 8 மணிக்கு ஆரம்பம், அந்தப் புதன் 12-ஆம் தேதிக்குப் பின் வந்தால் முதல் புதனே. கோடைக்கு ஜூனின் கடைசிப் புதன், அது 28-க்குப் பின் வந்தால் அதற்கு முந்தைய புதன். சில எல்லைப்புற மாவட்டங்களுக்கு மட்டும் தேதி வேறு. வாங்கிய விலைக்கும் கீழே விற்கக் கடைக்காரருக்குப் பொதுவாக அனுமதி கிடையாது, இந்த வாரங்களில் மட்டும் உண்டு, அதனால்தான் விலை உண்மையிலேயே இறங்குகிறது. "தெஸியெம் தெமார்க்" என்று எழுதியிருந்தால் இரண்டாம் கட்டக் குறைப்பு, விலை இன்னும் இறங்கியிருக்கும், நடு அளவுகள் எல்லாம் போயிருக்கும்.

முழு விலை அடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும். "லெ தெஸியெம் ஆ முவான் சான்காந்த்" என்றால் இரண்டாவது உருப்படிக்குத்தான் 50 சதவீதம், ஒன்று மட்டும் எடுத்தால் ஒன்றும் குறையாது. "ரெமீஸ் ஆன் கேஸ்" என்றால் பட்டியில் பழைய விலையே இருக்கும், கல்லாவில் குறைப்பார்கள். சந்தேகம் வந்தால் துணியைக் காட்டி "செ ஆன் ஸோல்த்?"

அறிகுறி: கல்லாவில் கேள்வி மேல் கேள்வி

வரிசை இதுதான். "வூ ஸாவே லா கார்த் த ஃபிதெலிதே?" கடை உறுப்பினர் அட்டை இருக்கிறதா: "நோன், மெர்சி". மின்னஞ்சல் முகவரி கேட்டாலும் அதே பதில் போதும், கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. "அன் சாக்?" பை வேண்டுமா, அதற்குத் தனிக் காசு இருக்கலாம். "செ பூர் ஓஃப்ரீர்?" பரிசுக்கா: ஆமென்றால் "வீ, அன் பாக்கே காதோ", அழகாகச் சுற்றித் தருவார்கள்.

கடைசியாக வருவது "வூ வூலே லெ திக்கே?" இதற்கு மட்டும் பழக்கதோஷத்தில் நோன் சொல்லிவிடாதீர்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரான்சில் ரசீதைத் தானாக அச்சடித்துத் தருவதில்லை, கேட்டால்தான் தருவார்கள். மாற்றவோ திருப்பிக் கொடுக்கவோ அந்தத் துண்டுச் சீட்டு வேண்டும். "வீ, சில் வூ ப்ளே."

அட்டை இயந்திரம் யூரோவா ரூபாயா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள், ரூபாய் மாற்று விகிதம் அவர்கள் போடுவது, நமக்குச் சாதகமாக இருக்காது. தட்டிச் செலுத்துவது 50 யூரோ வரைதான், அதற்கு மேல் குறியெண் போட வேண்டும்.

அறிகுறி: திருப்பிக் கொடுக்கப் போனால் பணம் தர மறுக்கிறார்கள்

கடைக்கு நேரில் போய் வாங்கியதை மனம் மாறித் திருப்பும் உரிமை பிரெஞ்சுச் சட்டத்தில் இல்லை. 14 நாள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இணையத்தில் வாங்கியதற்கு. பல கடைகள் தாமாகவே மாற்றித் தருகின்றன, நிபந்தனை ரசீதின் பின்புறம் இருக்கும். "ஜெ வூத்ரே எஷான்ஜே" மாற்ற வேண்டும். "ஜெ வூத்ரே மெ ஃபேர் ராம்பூர்சே" பணம் திரும்ப வேண்டும். இரண்டாவதற்கு "அன் அவுவார்" என்று பதில் வந்தால் பணம் இல்லை, அதே கடையில் பயன்படுத்தும் வரவுச் சீட்டு. ஊருக்குத் திரும்புகிறவருக்கு அது வெறும் காகிதம், அங்கேயே வேறு ஏதாவது எடுத்துக்கொள்வது மேல்.

துணியிலேயே குறை என்றால் கதை வேறு. தள்ளுபடியில் வாங்கியதாக இருந்தாலும், திரும்பப் பெற மாட்டோம் என்று பலகை தொங்கினாலும், சட்டப்படியான உத்தரவாதம் செல்லும். "இல் யா அன் தெஃபோ", குறை இருக்கிறது, என்று சொல்லி இடத்தைக் காட்டுங்கள். விலை குறைவுக்குக் காரணமே அந்தக் கறைதான் என்று முதலிலேயே எழுதி விற்றிருந்தால் மட்டும் வாதாட முடியாது.

அறிகுறி: வரியைத் திருப்பித் தரக் கேட்டேன், பாஸ்போர்ட் கேட்டார்கள், பிறகு என்னவென்று தெரியவில்லை

"வூ ஃபெத் லா தெதாக்ஸ்?" என்பதுதான் கேள்வி, விலையில் உள்ள வரியைத் திருப்பித் தர ஏற்பாடு உண்டா என்று அர்த்தம், அதைப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கிறவர், 16 வயது நிறைந்தவர், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் கேட்கலாம், ஆனால் இந்தத் திட்டத்தில் சேர்ந்த கடையாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருகிறவருக்கு உண்டு, லண்டன்காரருக்கும் இப்போது உண்டு, ஜெர்மனியிலிருந்து வரும் சித்தப்பாவுக்குக் கிடையாது. வரி விகிதம் 20 சதவீதம் என்றாலும் இடைத்தரகர் கழிவு போகக் கைக்கு வருவது சுமார் 12 சதவீதம்தான் இருக்கும்.

கடையில் தரும் படிவத்தில் பட்டைக் குறியீடு இருக்கும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன், பாப்லோ என்று எழுதிய இயந்திரத்தில் அதைக் காட்டுங்கள். பச்சை வந்தால் முடிந்தது. சிவப்பு வந்தால் பக்கத்தில் உள்ள சுங்க முகப்புக்குப் போக வேண்டும், துணியைப் பார்க்கக் கேட்பார்கள், அதனால் அது பெட்டியின் அடியில் இல்லாமல் மேலாக இருக்கட்டும். பாரிஸில் வாங்கிவிட்டு ஃப்ராங்க்ஃபர்ட் வழியாக ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி இடத்தில்தான் இது நடக்க வேண்டும், பாப்லோ இயந்திரம் ஜெர்மனியில் கிடையாது, அங்கே சுங்க அதிகாரியிடம் முத்திரை வாங்கிப் படிவத்தைத் தபாலில் அனுப்ப வேண்டும்.